வண்டியின் எடையில் என் பங்கு

கொல்கத்தாவில் கரியாஹாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எனக்கு மளிகைக் கடை. இட்லி அரிசி, உளுந்து, அப்பளம், காப்பித்தூள் என்று நம் ஊர்ச் சாமான்கள் விற்கிறேன். இருபத்திரண்டு வருடமாக நிறுத்துப் போடுவதே வேலை. அதில் ஒரு சௌகரியம், அதிகம் பேச வேண்டியதில்லை. வருகிறவர் கேட்பார், நான் நிறுப்பேன், தராசில் ஓடும் சிவப்பு எண் மற்றதைச் சொல்லிவிடும். எனக்குப் பேச்சு வராது. மச்சினனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால்கூட, அவன் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, மனைவியிடம்தான் சொல்வேன். அவள் தன் தம்பியிடம் சொல்வாள். அவன் பதிலை அவளிடம் சொல்லாமல் நேராக என்னைப் பார்த்துச் சொல்வான். அப்போது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

மச்சினனுக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாற்பது வயதுக்கு மேல் அவனுக்கு ஜீப் கிறுக்குப் பிடித்தது. சேற்றிலும் பாறையிலும் ஓட்டுகிற பந்தயங்களுக்காக ஒரு பழைய ஜீப்பை வாங்கினான். வாங்கியதோடு விடவில்லை. முன்னும் பின்னும் இரும்புத் தடுப்பு வைத்தான். தலைக்கு மேல் இரும்புக் குழாயில் கூண்டு கட்டினான். சேற்றில் மாட்டிக்கொண்டால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள, கம்பிக் கயிறு சுற்றிய ஒரு மோட்டாரை மூக்கில் பொருத்தினான். சக்கரங்கள் என் இடுப்பு உயரம் வந்தன. இவ்வளவும் செய்த பிறகு அது ரோட்டில் ஓடக் கூடாத வண்டியாகிவிட்டது. பதிவும் முடிந்துபோயிருந்தது. அவன் குடியிருப்புச் சங்கத்தார் அதை உள்ளே நிறுத்தக் கூடாது என்றார்கள். அதனால் ஒரு கிரேன் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் சந்தில், என் கடைக்கு நேர் எதிரில், சுவரோரமாக இறக்கினான்.

"ரெண்டே வாரம் அத்தான்," என்றான்.

மூன்று மாதம் நின்றது. மேல்வீட்டு வங்காளி அம்மா கூண்டுக் குழாயில் குளிர்காலப் பஞ்சுப் போர்வையை, அவர் சொல்கிற ரஜாயை, காயப் போட ஆரம்பித்தார். பிறகு நானும் அந்த வண்டியைப் பயன்படுத்திக்கொண்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் கடைக்குப் பச்சரிசியும் வெல்லமும் நிறைய வரும். கொல்கத்தாவில் எந்த மூலையில் இருக்கும் தமிழ்க் குடும்பமும் அந்த ஒரு வாரம் என் கடையைக் கண்டுபிடித்து வந்துவிடும். சரக்கு வைக்க எனக்கு இருப்பது மாடிப்படிக்குக் கீழே உள்ள முக்கோண இடம் மட்டும்தான். அந்த வெள்ளிக்கிழமை அது நிரம்பி, ஆறு மூட்டைப் பச்சரிசியும் ஒரு பெட்டி வெல்லமும் வெளியே நின்றன. பனி வேறு. எதிரே ஜீப். பின் இருக்கைகளை மச்சினன் எப்போதோ கழற்றிவிட்டிருந்தான். மூட்டைகளை உள்ளே அடுக்கிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தன. மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டினேன். சனிக்கிழமை விற்பனையில் உள்ளே இடம் காலியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மச்சினன் வந்தான். அடுத்த வாரக் கடைசியில் புருலியா மலைப் பக்கம் பந்தயம். ஜீப்பை அங்கே இழுத்துக்கொண்டு போக டிரெயிலர் வேண்டும்.

"கிடர்பூர்ல ஒருத்தன் வாடகைக்குத் தாரான் அத்தான். படகு ஏத்துற டிரெயிலரு. சின்னது, ஒரே அச்சு, ரெண்டே சக்கரம், பாக்க ஜம்முன்னு இருக்கு. ரெண்டு டன் தாங்கும். ஜீப்பு புக்ல ஆயிரத்து எரநூறு கிலோதான். எண்ணூறு கிலோ மிச்சம்! ஒங்க கடையவே ஏத்திக்கிட்டுப் போலாம்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். "புக்ல போட்டிருக்கது வண்டி பொறந்தப்ப உள்ள எடை. அதுக்குப் பெறகு எம்புட்டு இரும்ப மாட்டியிருக்கான். நிறுத்துப் பாக்கச் சொல்லு."

அவள் திரும்பினாள். "ஏல, அத்தான் ஜீப்ப நிறுத்துப் பாக்கணும்ங்காவ."

"ஜீப்பையா? கிலோ என்ன வெலைக்குப் போடப் போறீங்க அத்தான்?"

என் மகள் சிரித்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். பந்தயத்தில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். அந்த ஆள் அவள்தான். என்னிடம் அனுமதி கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். எங்கள் வீட்டில் என் தலையாட்டலுக்குச் சரி என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம். அவள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.

பந்தயத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. அங்கே கூண்டு உண்டு, ஹெல்மெட் உண்டு, சேறு மெத்தை மாதிரி. பயம் போகிற வழியைப் பற்றித்தான். மச்சினனின் நண்பருடைய பெரிய கார் முன்னால் இழுக்கும். அதில் என் மகள் இருப்பாள். பின்னால் டிரெயிலர். ஒருமுறை துர்காபூர் ரோட்டில் பாரம் தாங்காத டிரெயிலர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முதலில் மெதுவாக இடமும் வலமும் ஆடியது. பிறகு முன்னால் இழுத்த வண்டியையே ஆட்டியது. கடைசியில் இரண்டும் பள்ளத்தில் கிடந்தன. அதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆட்டம் எனக்கு மறக்கவில்லை.

"சரி, நாளைக்குக் காலைல ஜீப்ப கிடர்பூருக்குக் கொண்டு போற வழிலயே எடை போட்டுருவோம்," என்றான் மச்சினன். "அத்தான் மனசு சமாதானம் ஆகட்டும்."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடை திறப்பேன். கிரேன் லாரி ஆறரைக்கே வந்துவிட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கி வருவதற்குள் ஜீப்பை லாரி மேல் ஏற்றி, சங்கிலி போட்டுவிட்டார்கள். ரஜாய் மட்டும் சுவரில் மடித்துக் கிடந்தது.

"தார்ப்பாய் கட்டி வச்சிருக்கீங்களே அத்தான், பனிக்கு. ரொம்ப தேங்க்ஸ்," என்றான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் பேஸ்ட் இருந்தது. துப்பிவிட்டு வருவதற்குள் லாரி டிரைவரும் அவருடைய ஆளும் டீக் குடித்தபடி என்னைப் பார்த்தார்கள். நான்கு பேர் முன்னால், "அது பனிக்கு இல்ல, உள்ள நம்ம சரக்கு இருக்கு, எல்லாத்தையும் கழட்டி எறக்குங்க" என்று சொல்ல எனக்கு எப்படி வரும்? முதல் நிமிடத்தில் சொன்னால் சின்ன விஷயம். இரண்டாம் நிமிடத்தில் கொஞ்சம் பெரிசு. லாரி கிளம்பியபோது மலையளவு ஆகிவிட்டது. மச்சினன் லாரியில் ஏறிக்கொண்டான். நானும் மகளும் பின்னால் ஒரு டாக்சியில் போனோம்.

கிடர்பூர் துறைமுகத்துக்கிட்டே கப்பல் போவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் தள்ளுவண்டி, நடுவே எங்கள் லாரி. முக்கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. மகளிடம் சொல்ல அது நல்ல நேரம். "அம்மாடி," என்று ஆரம்பித்தேன்.

"என்னப்பா?"

"கடலை சாப்பிடுதியா?"

கடலை வாங்கிக்கொடுத்தேன். இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது மறுபடியும் கடலைதான் வாங்க முடிந்தது. பாலம் இறங்கியபோது அவள் மடியில் நான்கு பொட்டலம் இருந்தது.

பாலத்தைத் தாண்டி, லாரிகளை நிறுக்கிற எடைமேடையில் இருந்தவர் கண்டிப்பானவர். லாரி மேல் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது என்று எல்லோரையும் இறக்கிவிட்டார். அவரை எனக்குப் பிடித்தது. லாரியும் ஜீப்பும் சேர்ந்து ஆறாயிரத்து நானூற்று இருபது கிலோ. ஜீப்பை டிரெயிலர்க்காரரின் முற்றத்தில் இறக்கிவிட்டு, காலி லாரியை மறுபடி கொண்டுவந்து நிறுத்தால், வித்தியாசம் ஜீப்பின் எடை.

முற்றத்தில் ஜீப்பை இறக்கினார்கள். காலி லாரி எடைமேடைக்குத் திரும்பிப் போனது. அது வரும்வரை மச்சினன் டிரெயிலர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். அந்த மனிதர் வங்காளத்தையும் இந்தியையும் கலந்து பேசுவார். எந்தக் கேள்விக்கும் கடைசி வரி ஒன்றுதான். "கிச்சு ஹொபே நா, தாதா." ஒன்றும் ஆகாது அண்ணா. சக்கரம் பழசா இருக்கே? கிச்சு ஹொபே நா. பிரேக் இல்லையே? கிச்சு ஹொபே நா. "யானையையே ஏத்துங்க தாதா, தாங்கும்." எந்த யானையை ஏற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்தக் கேள்வி மறுநாள் கடையில் உளுந்து நிறுக்கும்போதுதான் முழுசாக வாயில் வந்தது.

நான் டிரெயிலரைச் சுற்றி வந்தேன். கொக்கி மாட்டுகிற இடத்துக்கிட்டே ஒரு சின்னத் தகடு. மொத்த எடை இரண்டாயிரம் கிலோ என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்த தடம். அதன் மேல் நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கடைச் சாவியை எடுத்துச் சுரண்டினேன். கொஞ்ச நேரத்தில் டிரெயிலரின் சொந்த எடை தெரிந்தது. நானூற்று இருபது.

என் தொழிலில் இது முதல் பாடம். ஒருவர் எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டுவந்தால், காலி வாளியைத்தான் முதலில் நிறுப்போம். இரண்டாயிரம் என்றால் அது டிரெயிலர் தன்னையும் சேர்த்துச் சக்கரத்தின் மேல் தாங்குவது. தன்னைக் கழித்தால் ஆயிரத்து ஐந்நூற்று எண்பதுதான் ஏற்றலாம்.

லாரி வந்தது. காலி எடை நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து. மகள் ஃபோனில் கழித்தாள். "மாமா, ஜீப்பு ஆயிரத்து எண்ணூத்திப் பத்து."

மச்சினன் முகம் மாறியது. "எப்படி? ஆயிரத்து எரநூறு! அறுநூறு கிலோ எங்கேந்து வந்துச்சு?" ஜீப்பைச் சுற்றி வந்தான். தடுப்பைத் தட்டினான். சக்கரத்தை உதைத்தான். "கூண்டு நூறு இருக்குமா? இந்த மோட்டார் ஒரு அம்பது?" அறுநூறு வரவில்லை. அவன் இரும்பையெல்லாம் கூட்டிக்கொண்டே போனான். தார்ப்பாய்க்குள் இருப்பது எவ்வளவு என்று எனக்கு மட்டும் தெரியும். இருபத்தைந்து கிலோ மூட்டை ஆறு, வெல்லம் முப்பது. நூற்று எண்பது.

ஒரு நிமிடம் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. சும்மா இருந்துவிட்டால் என்ன? ஜீப் இவ்வளவு கனம் என்று பயந்து அவனே இந்த டிரெயிலரை விட்டுவிடுவான். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. என் பச்சரிசியே என் மகளைக் காப்பாற்றிவிடும்.

அதற்குள் டிரெயிலர்க்காரர் சிரித்தார். "ஆயிரத்து எண்ணூறுதானே தாதா? இது ரெண்டாயிரம். கிச்சு ஹொபே நா."

மச்சினன் முகம் தெளிந்தது. "கரெக்ட்! இன்னும் நூத்தித் தொண்ணூறு கிலோ இருக்கு. சரி, ஏத்துங்க."

அவருடைய ஆட்கள் சாய்வுப் பலகையை எடுத்துவந்தார்கள். மகள் டிரெயிலர் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி வீட்டில் இருந்தாள். யாரிடம் சொல்வது என்று இடமும் வலமும் பார்த்தேன். யாரும் இல்லை.

"வாளி," என்றேன்.

மச்சினன் திரும்பினான். "என்ன அத்தான்?"

"வாளிய கழிக்கல."

"வாளியா? எந்த வாளி?"

கையால் தகட்டைக் காட்டினேன். மகள் குதித்து இறங்கிக் குனிந்து படித்தாள். "மாமா, ஏக்டூ, கொஞ்சம் இருங்க. இந்த டிரெயிலரே நானூத்தி இருவது. அப்பா சொல்றது புரியுது. ரெண்டாயிரம் அதையும் சேத்து. மொத்தம் ரெண்டாயிரத்து எரநூத்தி முப்பது வருது. எரநூத்தி முப்பது கிலோ ஜாஸ்தி!"

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். டிரெயிலர்க்காரரிடம் ஸ்பானர் கேட்டான். முன் தடுப்பைக் கழற்றலாம், மோட்டாரைக் கழற்றலாம், கூண்டையும் கழற்றிவிடலாம் என்றான். கூண்டு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வண்டி கவிழ்ந்தால் என் மகளின் தலையைக் காக்கிற கூண்டு. அதை என் வெல்லத்துக்காகக் கழற்றப் போகிறான்.

நான் போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு முடிச்சு இறுகிவிட்டது, பல்லால் கடித்து இழுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கினேன்.

ஆறு மூட்டையும் ஒரு பெட்டியும் வெயிலில் உட்கார்ந்திருந்தன.

"அத்தான்," என்றான் மச்சினன், மெதுவாக. "இது என்னது?"

"பொங்கல்," என்றேன்.

முதலில் சிரித்தது கிரேன் லாரி டிரைவர். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அரிசி மூட்டை தெரியும். என் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா! அதான் பாலத்துல அவ்வளவு கடலை வாங்கிக் குடுத்தீங்களா?"

"பந்தய வண்டி அத்தான் இது! நான் எம்புட்டு செலவு பண்ணி, எம்புட்டு ஆசையா..." மச்சினன் ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்தான். "ரேஷன் கடை ஆக்கிட்டீங்களே!"

"நூத்தி எம்பது கிலோ," என்றேன். "அத எடுத்துட்டா ஜீப்பு ஆயிரத்து அறுநூத்தி முப்பது." ஒரு வாக்கியம் வந்த பிறகு அடுத்தது கொஞ்சம் சுலபமாக வந்தது. "டிரெயிலரோட சேத்து ரெண்டாயிரத்து அம்பது."

"அம்பதா?" மச்சினன் முகம் மறுபடி மலர்ந்தது. "வெறும் அம்பது கிலோதானா கூட? அத்தான், அம்பது கிலோ! அது என்ன, ஒரு சின்னப் பொண்ணோட வெயிட்டு."

டிரெயிலர்க்காரர் தன் வரியைச் சொன்னார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். நாள் முழுக்க என் கடையில் ஐம்பது கிராம் குறைந்தால் சண்டைக்கு வருகிறார்கள். ஐம்பது கிராம் அதிகம் போட்டால் மனைவி சண்டைக்கு வருகிறாள். இங்கே ஐம்பது கிலோவை ஆளுக்கு ஆள் ஊதித் தள்ளுகிறார்கள். அதோடு இன்னும் உபரிச் சக்கரம் ஏறவில்லை, டீசல் கேன் ஏறவில்லை, ஜாக்கி, மண்வெட்டி, இவன் கூடாரம் எதுவும் ஏறவில்லை.

"வேண்டாம்," என்றேன்.

"அத்தான்..."

"வேண்டாம்னா வேண்டாம். ஏம்புள்ள முன்னால ஒக்காந்து வாரா. இது போகாது."

டிரெயிலர்க்காரர் என்னைச் சமாதானப்படுத்த வந்தார். என் வங்காளம் கடை வங்காளம், பெரும்பாலும் எண்கள்தான். அதையே பயன்படுத்தினேன். தகட்டைத் தொட்டு, "து ஹாஜார்," என்றேன். ஜீப்பைத் தொட்டு, டிரெயிலரையும் தொட்டு, "து ஹாஜார் பொஞ்சாஷ்," என்றேன். அவர் வழக்கமான வரிக்கு வாயெடுத்தார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை அவர் கையைத் தூக்கிவிட்டு, முற்றத்தின் கடைசியில் தகரத்துக்குப் பின்னால் நின்ற இன்னொரு டிரெயிலரைக் காட்டினார்.

அது நீளமாக, அழகில்லாமல், இரண்டு அச்சும் நான்கு சக்கரமுமாக இருந்தது. தனக்கென்று பிரேக் வேறு வைத்திருந்தது. தகட்டில் மொத்தம் மூவாயிரம், சொந்த எடை எழுநூறு. அப்படியென்றால் இரண்டாயிரத்து முந்நூறு ஏற்றலாம். மகள், மாமாவின் நண்பருடைய காரின் புத்தகத்தை ஃபோனில் தேடி, இழுக்கிற சக்தி போதும், இந்த ஜீப்போடு சரியாக வரும் என்றாள். மச்சினன் அதைப் பார்த்து, "கட்டில் மாதிரி இருக்கு," என்று வருத்தப்பட்டான். ஆனால் ஜீப்பை ஏற்றி, முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தி, கனம் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் விழும்படி நிறுத்தியபோது, சக்கரங்கள் ஒரு நூல்கூடப் பிதுங்கவில்லை. நான் குனிந்து நான்கையும் பார்த்தேன்.

மகள் அதற்குள் வீட்டுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். "அம்மா, அப்பா பேசினாங்க. நெஜமா. மாமாகிட்ட நேரா. சத்தமா." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, மகள் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இல்லம்மா, காய்ச்சல் இல்ல."

மூட்டைகளை டாக்சியில் ஏற்றிக்கொண்டு நான் மட்டும் திரும்பினேன். டாக்சிக்காரர் ஆறு மூட்டை ஏற்றலாம், ஒன்றும் ஆகாது என்றார். நான்குதான் ஏற்றவிட்டேன். மீதியையும் வெல்லத்தையும் எடுக்க இன்னொரு தடவை கிடர்பூர் போனேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஜீப் ஏற்றிய டிரெயிலரோடு எங்கள் சந்து முனைக்கு வந்து, என் மகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். கொக்கியை நானே ஆட்டிப் பார்த்தேன், பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டச் சொன்னேன், விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். மச்சினன் என் மனைவியிடம், "அக்கா, அத்தான உள்ள கூப்டு," என்றான். இந்த முறை அவனுக்குத் தூது தேவைப்பட்டது.

ஒன்பதரை மணிக்குக் கடையில் கூட்டம். மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. துர்காபூர் ரோட்டில் லாங்சா என்கிற இனிப்பு விற்கிற கடைகளுக்கு முன்னால் வண்டி நிற்கிறது. பின்னால் டிரெயிலர், நேராக, சமமாக நின்றது. அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். படத்தைப் பெரிசாக்கினேன். டிரெயிலர் மேல் ஜீப். ஜீப்புக்குள் மச்சினனும் அவனுடைய மூன்று சிநேகிதர்களும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, லாங்சா தின்றுகொண்டிருந்தார்கள். மச்சினன் தொண்ணூறு இருப்பான். மற்ற மூவரும் ஆளுக்கு எழுபத்தைந்துக்குக் குறையாது. முந்நூற்றுப் பதினைந்து.

பச்சரிசி கேட்டு நின்றவரிடம், "ஒரு நிமிசம்," என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தேன். மச்சினனுக்கு நானாக ஃபோன் செய்தது அதுதான் முதல் தடவை. அவனே பயந்துவிட்டான்.

"என்ன அத்தான்? அக்காவுக்கு என்ன?"

"எறங்குங்க எல்லாரும்."

"அத்தான், வண்டி நிக்குது!"

"நின்னா எடை கொறையுமா? எறங்கு. ஏறினபடியே கெளம்பிருவீங்க, ஒங்கள நம்ப முடியாது. இத ஆள் ஏத்துறதுக்கு வாடகைக்கு எடுக்கல. கீழ நின்னு தின்னுங்க."

"சரி அத்தான், ரெண்டாயிரத்து முந்நூறு தாங்கும்னு நீங்கதானே..."

"எறங்குறியா இல்லையா?"

கடையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபோனில் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்கிற சத்தம் கேட்டது. நான்கு சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வைத்தேன். பிறகு அந்த மனிதருக்குப் பச்சரிசி நிறுத்தேன்.